பையில் உள்ள பணமும் மனத்தில் உள்ள பயமும்

(தோட்டக் கிளையொன்றின் ஞாயிறு கல்வி வகுப்பில், கிளைச் செயலவையைச் சேர்ந்த தோட்டக் கிராணி ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)

 

சென்ற வகுப்பில் சேமநிதியைப் பற்றிப் பேசினோம். அன்றைக்குக் கேள்விகள் மளமளவென்று வந்தன. இன்றைய பொருளைக் கேட்டதும், "இது நமக்கு எதற்கு?" என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். ஒரு நாட்டிலுள்ள குடும்பங்கள் தங்கள் வரவு செலவைப் பற்றி என்ன நினைக்கின்றன, வருங்காலத்தைப் பற்றி நம்பிக்கையோடு இருக்கின்றனவா, பயத்தோடு இருக்கின்றனவா என்பதைக் கேட்டுக் கேட்டு எழுதி, அதை ஓர் எண்ணாக்கி வெளியிடும் வழக்கம் உலகில் பல நாடுகளில் இருக்கிறது. அதை எப்படிச் செய்கிறார்கள், அதில் எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்பதுதான் இன்றைய பேச்சு. ஊர்ப் புதினம் சொல்வதற்காக இதை எடுத்துக்கொள்ளவில்லை. நம் கிளையிலேயே அப்படியொரு விசாரணையைத் தொடங்கி, முதல் முறை அதைக் கெடுத்தும் விட்டோம். கெடுத்தவர்களே வந்து கதையைச் சொல்வது நியாயமல்லவா?

நடந்தது இதுதான். 2025ஆம் ஆண்டு பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,500 வெள்ளியிலிருந்து 1,700 வெள்ளியாயிற்று. செக்ரோல் எழுதுகிற கைகள் எங்களுடையவை. யாருக்கு எத்தனை நாள் வேலை, எவ்வளவு பால், எவ்வளவு ஒட்டுப்பால், கைக்கு எவ்வளவு போயிற்று என்பதெல்லாம் எங்கள் மேசையில் இருக்கிறது. அந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு, "தோட்டத்துக் குடும்பங்களுக்குக் கொஞ்சம் மூச்சு விட வழி பிறந்திருக்கிறது" என்று செயலவையில் அறிக்கை வைத்தோம். அறிக்கையைக் கேட்டுக்கொண்டிருந்த ஓர் அம்மாள், இருபத்தைந்து வருடமாகப் பால்வெட்டில் இருப்பவர், எழுந்து நின்று சொன்னார்: "கிராணியாரே, சம்பளம் கூடினது வாஸ்தவம். ஆனால் என் மகளைப் படிவம் ஐந்தோடு நிறுத்திவிட்டேன். மேலே படிக்க வைக்கப் பணம் இல்லை என்று நிறுத்தவில்லை. நாளைக்கு இந்தத் தோட்டம் இருக்குமோ, வீடு இருக்குமோ தெரியவில்லை. கையில் இருப்பதைத் தொட மனம் வரவில்லை."

கூட்டத்தில் ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. செக்ரோலில் தவறு ஒன்றும் இல்லை, தோழர்களே. அந்த அம்மாள் சொன்னதை எழுத அதில் கட்டம் இல்லை. ஒரு பெண் பிள்ளையின் படிப்பு நின்றுபோயிற்று. அதை நிறுத்தியது சம்பளம் அல்ல. அடுத்த ஆண்டைப் பற்றிய பயம். நம் கணக்குப் புத்தகம் முழுவதும் நேற்றைப் பற்றியது. குடும்பமோ நாளையை நினைத்துத்தான் முடிவெடுக்கிறது.

இந்த உண்மையைப் பெரிய அளவில் பிடித்துக்கொண்டவர் ஜார்ஜ் கட்டோனா என்பவர். 1901இல் புடாபெஸ்டில் பிறந்தவர். ஜெர்மனியில் மனோதத்துவம் படித்துப் பட்டம் பெற்று, பொருளாதாரப் பத்திரிகையிலும் வேலை பார்த்தவர். 1923இல் ஜெர்மன் பணம் கடுதாசிக் குப்பையாகிப்போன காலத்தில் அங்கே வாழ்ந்தவர். காலையில் வாங்கிய சம்பளம் மாலைக்குள் மதிப்பிழந்தபோது மக்கள் எப்படி அலைந்தார்கள் என்பதைக் கண்டவருக்கு, பொருளாதாரம் என்பது எண்கள் மட்டுமல்ல என்று யாரும் பாடம் சொல்லித்தர வேண்டியிருந்திருக்காது. இட்லர் ஆட்சிக்கு வந்த 1933இல் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார்.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது அமெரிக்காவில் ஒரு பெரிய அச்சம் இருந்தது. ஆயுதத் தொழிற்சாலைகள் மூடப்படும், படையிலிருந்து திரும்பும் இலட்சக்கணக்கானோருக்கு வேலை இருக்காது, 1930களின் மந்தம் மறுபடியும் வரும் என்று படித்தவர்கள் பலர் எழுதினார்கள். மக்களிடமோ போர்க்காலத்தில் வாங்கிவைத்த சேமிப்புப் பத்திரங்கள் ஏராளம். அந்தப் பணத்தை அவர்கள் என்ன செய்யப் போகிறார்கள்? ஒரேயடியாகக் கொட்டிச் செலவழித்தால் விலை ஏறும்; பயந்து பூட்டிவைத்தால் வேலை போகும். இதை அறியத்தான் அமெரிக்க மத்திய வங்கி 1946இல் ஒரு கணக்கெடுப்பை ஏற்பாடு செய்தது. அந்தப் பொறுப்பில் இருந்தவர் கட்டோனா.

வங்கிக்குத் தேவைப்பட்டது தொகை மட்டுமே: யாரிடம் எவ்வளவு இருக்கிறது? கட்டோனா அதோடு விடவில்லை. முன்பின் தெரியாத ஒருவன் வாசலில் வந்து நின்று, "உன் பெட்டியில் எவ்வளவு பணம்?" என்று கேட்டால் யார் சொல்வார்கள்? நம் லயத்தில் கேட்டால் நாயை அவிழ்த்துவிடுவார்கள். ஆகவே முதலில் பொதுவாகப் பேச வேண்டும். சென்ற ஆண்டைவிட இப்போது தேவலையா, வரும் ஆண்டு எப்படியிருக்கும் என்று நினைக்கிறீர்கள் என்று தொடங்க வேண்டும் என்றார். பேச்சைத் தொடங்குவதற்கென்று சேர்த்த அந்தக் கேள்விகளே பின்னர் முக்கியமான கேள்விகளாகிவிட்டன! மக்கள் பயந்து ஒடுங்கவில்லை, வீடு கட்டவும் பொருள் வாங்கவும் மனம் கொண்டிருந்தார்கள் என்பது பதில்களில் தெரிந்தது. எதிர்பார்த்த மந்தமும் வரவில்லை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அந்த விசாரணை வேரூன்றிக்கொண்டது. 1978 முதல் மாதந்தோறும் நடந்து வருகிறது. கட்டோனா 1981இல் காலமானார்.

அவர் சொன்ன அடிப்படையை நம் பேச்சில் சொல்வதென்றால் இப்படிச் சொல்லலாம். பொருள் வாங்க இரண்டு வேண்டும். ஒன்று, வாங்கும் சக்தி. மற்றொன்று, வாங்கும் மனம். அரிசி வாங்க மனத்தைக் கேட்பதில்லை, பசி கேட்கிறது. ஆனால் குளிர்பெட்டி, மோட்டார் சைக்கிள், பிள்ளையின் மேற்படிப்பு இவையெல்லாம் இந்த மாதமே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தள்ளிப்போடலாம். இலட்சக்கணக்கான குடும்பங்கள் ஒரே சமயத்தில் தள்ளிப்போட்டால் தொழிற்சாலை நின்றுவிடும்.

அது எங்கோ இருக்கும் தொழிற்சாலை என்று எண்ண வேண்டாம். நம் பாட்டன்மார் கதையே இதுதான். 1920களின் இறுதியில் தோட்டத்து இந்தியத் தொழிலாளருக்கு, எட்டுவதற்கு எளிதான மாவட்டங்களில், ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று நிர்ணயம் செய்திருந்தார்கள். ஒரு கூலிக்காரக் குடும்பத்துக்கு மாதம் எத்தனை படி அரிசி, எவ்வளவு உப்பு, புளி, மிளகாய் என்று பட்டியல் போட்டுக் கணக்கிட்ட சம்பளம் அது. 1929க்குப் பின் அமெரிக்கக் குடும்பம் மோட்டார் கார் வாங்குவதை நிறுத்தியது. கார் இல்லையென்றால் டயர் இல்லை. டயர் இல்லையென்றால் ரப்பர் கேட்பாரில்லை. நிர்ணயித்த அந்தச் சொற்பச் சம்பளமும் வெட்டப்பட்டது. ஆயிரக்கணக்கானவர்களைக் கப்பலேற்றித் தமிழகத்துக்குத் திருப்பி அனுப்பினார்கள். டெட்ராய்ட்டில் ஒரு குடும்பம் "இந்த வருடம் கார் வேண்டாம்" என்று எடுத்த முடிவு, கிள்ளானில் ஒருவன் மூட்டை கட்டுவதில் போய் முடிந்தது. அவர்கள் அன்றைக்கு என்ன நினைத்தார்கள் என்று கேட்டு எழுத அப்போது யாரும் இல்லை. இன்று மிச்சிகன் விசாரணையில், கார் வாங்க இது ஏற்ற காலமா என்பதும் ஒரு கேள்வி. இயற்கை ரப்பரின் பெரும்பகுதி இன்றைக்கும் டயருக்குத்தான் போகிறது. ஆகவே அந்தக் கேள்விக்கு வரும் பதில் நம் மங்குவரைக்கும் வந்து எட்டும்.

இனி, எண்ணை எப்படிச் செய்கிறார்கள் என்று பார்ப்போம். கணக்கு என்றதும் தூக்கம் வேண்டாம். பால் ஸ்டோரில் நம் கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்று தெரிந்துகொண்டதனால்தானே ஏமாறாமல் இருக்கிறோம்!

ஐந்து கேள்விகள். சென்ற ஆண்டைவிட உங்கள் குடும்ப நிலை இப்போது தேவலையா, மோசமா? இன்னும் ஓராண்டில் தேவலையாகுமா, மோசமாகுமா? நாட்டின் தொழில் வர்த்தகம் அடுத்த பன்னிரண்டு மாதம் நன்றாயிருக்குமா? அடுத்த ஐந்தாண்டில் நல்ல காலம் தொடருமா, வேலையில்லாத் திண்டாட்டம் வருமா? வீட்டுக்குப் பெரிய சாமான்கள் வாங்க இது ஏற்ற நேரமா? இரண்டு சொந்த வீட்டைப் பற்றி, இரண்டு நாட்டைப் பற்றி, ஒன்று கடைவீதியைப் பற்றி. ஐந்தில் மூன்று, வரப்போகும் காலத்தைப் பற்றி என்பதைக் கவனியுங்கள்.

முதல் கேள்வியை நூறு வீட்டில் கேட்டோம் என்று வைத்துக்கொள்வோம். முப்பது வீடு "தேவலை" என்கிறது. நாற்பத்தைந்து வீடு "மோசம்" என்கிறது. மீதி இருபத்தைந்து "அப்படியேதான்". முப்பதிலிருந்து நாற்பத்தைந்தைக் கழித்தால் பதினைந்து குறைவு. அதோடு நூறைக் கூட்டினால் எண்பத்தைந்து. இதுதான் அந்தக் கேள்வியின் எண். "அப்படியேதான்" என்றவர்கள் எந்தப் பக்கமும் சேரமாட்டார்கள். ஐந்து கேள்விக்கும் இப்படிப் போட்டுக் கூட்டி, 1966ஆம் ஆண்டை நூறாக வைப்பதற்காக 6.7558 ஆல் வகுத்து, முன்பு கணக்கெடுக்கும் முறையை மாற்றியதை ஈடுகட்ட 2 கூட்டுகிறார்கள்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. எல்லாக் கேள்விக்கும் நல்லது சொன்னவரும் கெட்டது சொன்னவரும் சரிபாதியாக இருந்தால் எண் என்ன வரும்? நூறு வராது. ஐந்நூறை வகுத்து இரண்டைக் கூட்டிப் பாருங்கள், 76 வரும். ஆகவே மிச்சிகன் எண் எண்பது என்று பத்திரிகையில் படித்துவிட்டு, "நூறுக்குக் கீழே, எல்லோரும் சோர்ந்திருக்கிறார்கள்" என்று ஒருவர் பேசினால், அவர் கணக்கைப் பார்க்கவில்லை என்று பொருள். நம் நாட்டில் மலேசியப் பொருளாதார ஆய்வுக் கழகம் காலாண்டு தோறும் வெளியிட்டு வந்திருக்கும் நுகர்வோர் மனநிலைக் குறியீடு வேறு. அதில் நூறுதான் எல்லைக்கோடு. மேலே நம்பிக்கை, கீழே சோர்வு. 1997-98 நெருக்கடியில் அது நூறுக்குக் கீழே போயிற்று. இரண்டு தராசையும் ஒன்றாகப் பாவிக்கக் கூடாது. கட்டி நிறுப்பதும் கிலோ நிறுப்பதும் ஒன்றாகுமா?

சில நூறு பேரிடம் கேட்டுவிட்டுக் கோடிக்கணக்கானவர் மனத்தைச் சொல்ல முடியுமா என்பது அடுத்த சந்தேகம். மிச்சிகன்காரர்கள் நெடுங்காலம் மாதம் சுமார் 500 பேரைத்தான் தொலைபேசியில் கேட்டார்கள். 2024இல் இணையத்தின் வழி கேட்கும் முறைக்கு மாறினார்கள். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நம் பெரியவர்கள் சொன்னார்கள். ஆனால் விறகு ஒரு பக்கம் எரிந்து, பானையைக் கிளறாமல் விட்டிருந்தால் ஒரு சோறு பொய் சொல்லும். நம் ஸ்டோரையே பாருங்கள். வாளியிலுள்ள பாலில் ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று பார்க்க வாளி முழுவதையும் காய்ச்சிப் பார்ப்பதில்லை. நன்றாகக் கலக்கி, கொஞ்சம் எடுத்து, மெட்ரோலாக்கை விட்டுப் பார்க்கிறோம். கலக்காமல் மேலாக மொண்டால் உங்களுக்கு நட்டமோ தோட்டத்துக்கு நட்டமோ, யாருக்கோ நட்டம். "கிராணி கலக்கவில்லை" என்று எத்தனை காலைச் சண்டை நடந்திருக்கிறது! எடுக்கும் அளவைவிட எடுக்கும் முறைதான் பெரிது.

இதற்கு அமெரிக்காவில் ஒரு பிரசித்தமான பாடம் உண்டு. 1936 அதிபர் தேர்தலில் ஒரு பத்திரிகை ஒரு கோடி பேருக்குச் சீட்டு அனுப்பி, இருபது இலட்சத்துக்கு மேல் பதில் பெற்று, லண்டன் என்பவர் ஜெயிப்பார் என்று முழங்கியது. ரூஸ்வெல்ட் பெருவெற்றி பெற்றார். சீட்டு போனது பெரும்பாலும் தொலைபேசியும் காரும் வைத்திருந்தவர்களின் முகவரிகளுக்கு. அந்த மந்த காலத்தில் அவை இரண்டும் இல்லாதவன் எந்தப் பக்கம் நின்றான் என்பது சீட்டில் வரவில்லை. பதில் அனுப்ப அக்கறை கொண்டவர்களே அனுப்பினார்கள் என்பது மற்றொரு கோளாறு. அப்பத்திரிகையும் அதிக நாள் நீடிக்கவில்லை.

ஆகவே எந்த மனநிலைக் கணக்கெடுப்பைக் கண்டாலும் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "எங்கள் லயம் இதில் இருக்கிறதா?" என்பதுதான். இந்திய ரிசர்வ் வங்கி இத்தகைய விசாரணையைப் பல ஆண்டுகளாகப் பெரு நகரங்களில் நடத்தி வந்தது. கிராமத்து வீடுகளின் பதில்களைத் தனியாக வெளியிடத் தொடங்கியது அண்மை ஆண்டுகளில்தான். நகரத்தான் மனம் குளிர்ந்திருக்கும் அதே மாதத்தில் நாட்டுப்புறத்தான் வெந்துகொண்டிருக்கலாம்.

இனி, எண் தவறும் இடங்களையும் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் மருந்து விற்பவன் பேச்சாகிவிடும்.

2022 ஜூனில் மிச்சிகன் எண் 50.0க்கு இறங்கியது. அதுவரை பதிவானவற்றில் அதுவே மிகத் தாழ்வு. 1980 மே மாதத்து 51.7ஐயும் தாண்டிய தாழ்வு. முன்பு சொன்ன கணக்கைத் திருப்பிப் போட்டுப் பார்த்தால், ஒவ்வொரு கேள்விக்கும் சராசரியாக நூற்றுக்கு முப்பத்தைந்து பேர் கெட்ட பக்கம் கூடுதலாக நின்றிருக்கிறார்கள். ஆனால் அந்த மாதத்தில் அங்கே வேலையில்லாதவர் நூற்றுக்கு நான்கு பேருக்கும் குறைவு. கடைகளும் மூடிக்கிடக்கவில்லை. அப்படியானால் மக்கள் பொய் சொன்னார்களா? இல்லை. அந்த ஜூனில் விலைவாசி ஓராண்டில் 9.1 சதவிகிதம் ஏறியிருந்தது. வேலை இருந்தது, ஆனால் வாரா வாரம் கடைப் பில் ஏறிக்கொண்டே போனது. வேலையில்லாமை சிலரைச் சுடும். விலையேற்றம் எல்லோரையும் சுடும். மனிதர்கள் தங்களுக்கு வலித்ததைச் சொன்னார்கள். அதை வைத்துக்கொண்டு "அடுத்த மாதம் கடைகள் மூடும்" என்று சோதிடம் சொன்னவர்கள்தான் தவறினார்கள்.

அதே மாதத்தில் இன்னொரு சங்கதியும் நடந்தது. விலைவாசி இனி எவ்வளவு ஏறும் என்றும் அவர்கள் கேட்பதுண்டு. மாத நடுவில் ஒரு முன்கணக்கு வரும். மாத முடிவில் சரியான கணக்கு வரும். முன்கணக்கில், அடுத்த ஐந்து முதல் பத்து ஆண்டுகளில் ஆண்டுக்கு 3.3 சதவிகிதம் ஏறும் என்று மக்கள் எதிர்பார்ப்பதாக வந்தது. அமெரிக்க மத்திய வங்கித் தலைவர் பவல், அது தங்கள் கண்ணில் பட்டதாக வெளிப்படையாகச் சொன்னார். வட்டியை ஒரே தடவையில் முக்கால் சதவிகிதம் ஏற்றினார்கள். மாத முடிவில் சரியான கணக்கு வந்தபோது அந்த 3.3, 3.1 ஆகியிருந்தது! வட்டி ஏற்றத்துக்கு வேறு காரணங்களும் இருந்தன என்பது உண்மை. ஆனாலும் சில நூறு குடும்பங்களின் வாய்ச்சொல் எவ்வளவு தூரம் போகிறது பாருங்கள். பாதிப் பால் வந்து சேருவதற்குள் கணக்கை மூடினால் இப்படித்தான் ஆகும்.

கட்சியும் இதில் புகுந்துகொள்கிறது. 2024 நவம்பர் தேர்தல் முடிந்தவுடன், வென்ற கட்சிக்காரர்களுக்கு நாட்டின் பொருளாதாரம் திடீரென்று நன்றாகத் தெரியத் தொடங்கியது. தோற்ற கட்சிக்காரர்களுக்கு இருண்டு தெரிந்தது. அரிசி விலை இருவருக்கும் ஒன்றுதான். நம்மிடையேயும் இந்த வியாதி இல்லை என்று மார்தட்ட முடியாது. சங்கத் தேர்தலில் தோற்ற அணிக்காரரிடம் போய், "கிளை எப்படி நடக்கிறது?" என்று கேட்டுப் பாருங்களேன்!

இத்தனை குறை இருந்தும் ஏன் விடாமல் கேட்கிறார்கள்? விடாமல் கேட்பதில்தான் பயனே இருக்கிறது. ஒரு தடவை கேட்டால் ஒன்றும் தெரியாது. பிப்ரவரி, மார்ச்சில் இலை உதிர்ந்து பால் குறைந்த நேரத்தில் நம் லயத்தில் கேட்டால் எல்லோரும் "மோசம்" என்பார்கள். தீபாவளி முன்பணம் வாங்கிய வாரத்தில் கேட்டால் எல்லோர் முகமும் மலர்ந்திருக்கும். அதே கேள்வியை, அதே சொல்லில், ஆண்டுதோறும் அதே பருவத்தில் கேட்டு, சென்ற தடவையோடு ஒப்பிட்டால்தான் ஏறுகிறதா, இறங்குகிறதா என்று சொல்ல முடியும். மிச்சிகன் விசாரணையில் ஒரு பகுதியினரை ஆறு மாதம் கழித்து மறுபடியும் கேட்கிறார்கள். சொன்ன ஆளே மனம் மாறினாரா, ஆள் மாறியதால் பதில் மாறியதா என்பது அப்போதுதான் விளங்கும்.

இப்போது நாம் கெடுத்த கதைக்கு வருவோம். அந்த அம்மாள் பேசிய பிறகு, நாமே கேட்டு எழுதலாம் என்று செயலவை முடிவு செய்தது. சம்பளப் பேச்சு வார்த்தைக்குப் போகும் தலைவர்கள் கையில் சம்பளக் கணக்கு மட்டும் இருந்தால் போதாது, வீட்டுக் கணக்கும் வேண்டும் என்பது எண்ணம். யார் கேட்பது? எழுதப் படிக்கத் தெரிந்தவர் கிராணிதானே! சம்பள நாளன்று ஆபீஸ் ஓரத்தில் மேசை போட்டு உட்கார்ந்தோம். கேட்ட கேள்வி: "இப்போது எப்படி இருக்கிறீர்கள்? கஷ்டம் உண்டா?"

பதில் என்ன வந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். "ஏதோ இருக்கிறோம் ஐயா." "பரவாயில்லை ஐயா." தண்டல் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கிறார், கேட்பவர் செக்ரோல் எழுதுபவர், கையில் அப்போதுதான் சம்பளம் விழுந்திருக்கிறது. யார் மனம் திறப்பார்கள்? ஒருவர் மட்டும், "கஷ்டம் என்று சொன்னால் முன்பணம் தருவீர்களா?" என்று கேட்டார். இல்லை என்றோம். "அப்போது கஷ்டம் இல்லை என்று எழுதிக்கொள்ளுங்கள்" என்று போய்விட்டார். அவர் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார், சிரிக்கிறார். மேலும், ஆண்களே வரிசையில் நின்றார்கள். கடைப் பற்று எவ்வளவு, பிள்ளையின் பஸ் கட்டணம் எவ்வளவு என்று அறிந்த பெண்கள் வரவில்லை. பக்கத்து லயத்தில் இருக்கும் வங்காளதேசத் தொழிலாளரையும் இந்தோனேசியத் தொழிலாளரையும் நாம் கேட்கவே இல்லை. அவர்களும் இதே மரத்தைத்தானே வெட்டுகிறார்கள்?

அந்தத் தாள்களைக் கூட்டிப் பார்த்தால், தோட்டத்தில் குறையே இல்லை என்று வரும். அதை அப்படியே மேலே அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பேச்சு வார்த்தை மேசையின் எதிர்ப்பக்கம் இருப்பவர்கள், "உங்கள் ஆட்களே திருப்தி என்கிறார்கள்" என்று நம் தாளையே எடுத்து நம்மிடம் நீட்டியிருப்பார்கள். நல்ல வேளை, அனுப்பவில்லை. கட்டி அலமாரியில் வைத்தோம்.

செயலவையில் ஒரு தோழர் வேறு யோசனை சொன்னார்: "நாமே 'மோசம்' என்று நிரப்பிவிட்டால் என்ன? நம் நன்மைக்குத்தானே?" அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அதை ஏற்க முடியாது என்று அன்றே சொன்னோம், இன்றும் சொல்கிறோம். நாம் மெட்ரோலாக்கை ஒழுங்காகப் பார்க்கச் சொல்லிச் சண்டை போடுகிறவர்கள். நம் கையில் தராசு வந்ததும் கட்டை விரலை வைத்து அழுத்தலாமா? அதுவும் தவிர, அந்தப் பொய் முதலில் ஏமாற்றுவது நம்மைத்தான். எந்த லயத்தில் பயம் கூடுகிறது, எங்கே பிள்ளைகள் படிப்பை விடுகிறார்கள், எங்கே வீட்டைப் பற்றிய கவலை, எங்கே கடன் என்று பிரித்தறிய முடியாமல் போகும். எல்லாத் தாளிலும் "மோசம்" என்றிருந்தால் எந்த வீட்டுக்கு முதலில் ஓடுவது?

ஆகவே இம்முறை வேறு விதமாகச் செய்கிறோம். கேட்கப்போவது கிராணி அல்ல. மேல் லயத்துக்கு இரண்டு பால்வெட்டுப் பெண்கள், கீழ் லயத்துக்கு இரண்டு பேர், எண்ணெய்ப்பனைப் பிரிவுக்கு ஒருவர். வெளிநாட்டுத் தோழர்களிடம் அவர்கள் மொழி பேசும் ஒருவரே போவார். ஞாயிறு பிற்பகல், சமையல் முடிந்த நேரம், அவரவர் வாசலிலேயே. "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்கப்போவதில்லை. "சென்ற வருடம் தீபாவளிக்கு இருந்ததைவிட இப்போது தேவலையா, மோசமா, அப்படியேவா?" என்று கேட்போம். "அடுத்த தீபாவளிக்கு?" என்று கேட்போம். "இந்தத் தோட்டத்தில் அடுத்த ஐந்து வருடம் வேலையும் வீடும் இருக்கும் என்று நினைக்கிறீர்களா?" என்பது மூன்றாவது, மிச்சிகனில் இல்லாத கேள்வி, நாம் சேர்த்தது. "வீட்டுக்குப் பெரிய சாமான் வாங்கவோ பிள்ளையை மேலே படிக்க வைக்கவோ இது ஏற்ற நேரமா?" என்பது நான்காவது. அவ்வளவுதான். ஒரு வார்த்தை கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. "மோசம்தானே அக்கா?" என்று எடுத்துக் கொடுக்கவே கூடாது.

எல்லா வீட்டையும் கேட்க ஆள் போதாது. ஆகவே வீட்டு எண்ணை எழுதிச் சீட்டு குலுக்கி எடுக்கிறோம். யார் வாய்த் துடுக்குள்ளவர், யார் சங்கத்துக்கு வேண்டியவர் என்று பார்த்து எடுக்கப்போவதில்லை. சீட்டில் வந்த வீடு பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டைக் கேட்டு ஒப்பேற்றவும் கூடாது. மாலையில் மறுபடியும் போக வேண்டும். ஆறு மாதம் கழித்து, பாதி வீடுகள் பழையவை, பாதி புதியவை என்று மறுபடியும் கேட்போம். மூன்று தடவை கேட்டு முடியும் வரையில் தாளை எங்கும் அனுப்புவதில்லை என்றும் முடிவு.

தாளில் பெயர் எழுத வேண்டுமா என்று பின் வரிசையில் ஒரு சகோதரி கேட்கிறார். வேண்டாம். லயம் எது, வீட்டில் எத்தனை பேர், சம்பாதிப்பவர் எத்தனை பேர் என்பது போதும். தாள்கள் சங்க அலமாரியில் இருக்கும். சாவி தலைவர் அம்மாளிடம். ஆபீசுக்கு வராது. கிராணியின் மேசைக்கும் வராது. கூட்டிக் கழித்த எண் மட்டும் எங்களிடம் வந்தால் போதும், கணக்கைப் போட்டுத் தருகிறோம்.

மகளைப் படிவம் ஐந்தோடு நிறுத்திய அந்த அம்மாள், மேல் லயத்துக்குத் தாமே கேட்கப் போவதாகப் பெயர் கொடுத்திருக்கிறார். இன்னும் மூன்று பேர் தேவை. பெயர் கொடுக்க விரும்புபவர்கள் தேநீர் முடிந்ததும் செயலாளரைப் பாருங்கள்.